வேப்பெண்ணெய் அடித்தும் பூச்சி சாகவில்லை. புகையிலைத் தண்ணீர் அடிக்கலாமா?

வடசென்னைக் கொடுங்கையூரில் மொட்டைமாடியில் 30 பைகளில் கத்தரி, வெண்டை, மிளகாய் வைத்திருக்கிறீர்கள். வெண்டையில் வெள்ளை ஈ, மிளகாயில் மாவுப்பூச்சி, கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு. கடையில் வாங்கிய வேப்பெண்ணெயில் பாத்திரம் துலக்கும் லிக்விட் கொஞ்சம் விட்டு, போர் தண்ணீரில் கலக்கி, காலை 10 மணிக்கு அடித்தீர்கள். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது, பூச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. பெரியப்பா புகையிலை ஊறவைத்த தண்ணீரை அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா, அடித்த மறுநாளே பறித்துச் சமைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. புகையிலைக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்க வந்தது அதற்கும் முந்தைய ஒன்று என்று படுகிறது. செடியிலிருந்து எடுக்கிற மருந்தை நம்பலாமா, நம்பினால் அது என்ன செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டும்? அது புரியாமல் எந்தக் கரைசலை மாற்றி மாற்றி அடித்தாலும் இதே ஏமாற்றம்தான் வரும்.

வேம்பில் வேலை செய்கிற முக்கியமான சரக்கு அசாடிராக்டின். வேப்பங்கொட்டைக்குள் இருக்கிற பருப்பில்தான் அது அதிகம், இலையில் மிகக் குறைவு. அது பூச்சியை அடித்தவுடன் சாகடிக்கிற விஷமில்லை. தின்கிற பூச்சிக்குத் தீனி கசந்து போகும். அதையும் மீறித் தின்ற புழுவால் தோலுரிக்க முடியாது. தோலுரிப்பதற்கு அதன் உடம்பில் சுரக்கிற ஹார்மோனை இது குழப்பிவிடும், அடுத்த பருவத்துக்குப் போகிற நேரத்தில் புழு செத்துப்போகும். இதற்கு மூன்று, நான்கு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். தோலுரிப்பதெல்லாம் முடிந்து இறக்கை முளைத்த பூச்சியை வேம்பு பெரும்பாலும் கொல்லாது, விரட்டும், முட்டை இடுவதைக் குறைக்கும். அதனால் மறுநாள் காலை செடியைத் தட்டிப் பார்த்து, வெள்ளை ஈ பறக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. அடிப்பதற்கு முன் ஐந்து இலைகளைத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கிடக்கிற குஞ்சுகளை லென்ஸ் வைத்து எண்ணி எழுதிவையுங்கள். ஏழாம் நாள் அதே உயரத்தில் இருக்கிற ஐந்து இலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்து, புதிதாக விட்ட துளிர் சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

இலை கருகியதற்கு வருகிறேன். வேப்பெண்ணெய் தண்ணீரில் கரையாது. சரியாகக் கலக்காவிட்டால் தெளிப்பானுக்குள் மேலே மிதக்கும். முதல் பத்துச் செடிக்கு வெறும் சோப்புத் தண்ணீரும், கடைசி இரண்டு செடிக்குச் சுத்த எண்ணெயும் போகும். எந்தெந்தப் பைகள் கருகின என்று பாருங்கள். கடைசியாக அடித்தவை என்றால் காரணம் இதுதான். எல்லாமே கருகியிருந்தால் 10 மணி வெயிலும் அந்த லிக்விடும் சேர்ந்து செய்த வேலை. பாத்திரத்தில் பிடித்த பிசுக்கை எடுக்கத் தயாரித்த சாமான் அது, இலையின் மேல் இருக்கிற மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். அதன் மேல் எண்ணெய், அதன் மேல் வெயில் என்றால் இலை தாங்காது.

கலக்குகிற முறை இது. காதி சோப்பை, அல்லது வாசனையும் நிறமும் சேர்க்காத சாதாரண பார் சோப்பைச் சீவி, 5 கிராம் எடுத்து 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். ஆறியதும் மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி, 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மோர் மாதிரி வெளுத்துவரும். அதை 900 மில்லி தண்ணீரில் ஊற்றினால் ஒரு லிட்டர் மருந்து தயார். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே ரசத்தில் மிதப்பதுபோல மஞ்சள் கண்கள் தெரிந்தால் கலக்கல் சரியில்லை. சோப்புக் கரைசலை இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி குலுக்க வேண்டும், அப்படியே அடிக்கக் கூடாது. சரியாகக் கலந்ததையும் அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள், நடுநடுவே தெளிப்பானைக் குலுக்கிக்கொள்ளுங்கள். வயலில் நெல்லுக்கு லிட்டருக்கு 30 மில்லி வரை சொல்வதைப் படித்துவிட்டுப் பைச்செடிக்கும் அதையே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் மாடிச் சூட்டில் கத்தரியும் மிளகாயும் அதைத் தாங்குவது சந்தேகம். 5 மில்லியில் நிறுத்துங்கள், பலன் போதாவிட்டால் அடுத்த தடவையைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயம் வடசென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு பக்கமெல்லாம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கொடுங்கையூரிலும் தெருவுக்குத் தெரு மாறும். துணி துவைத்தால் நுரை வராத தண்ணீரில் சோப்பு கரையாது, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திட்டாக மிதக்கும். அது தெளிப்பான் முனையை அடைக்கும், எண்ணெயையும் பிடித்து வைக்காது. காரத்தன்மை கூடிய தண்ணீரில் அசாடிராக்டினும் சீக்கிரம் சிதைந்துபோகும். மருந்துக்கு மட்டுமாவது மெட்ரோ வாட்டரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள். இரண்டும் கிடைக்காத வீட்டில் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை உதவும். நான்கைந்து கொட்டைகளை விதை எடுத்துவிட்டு அரை லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கிற கரைசல் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிவதுபோல அது திரியாது.

எண்ணெயைவிட எனக்கு நம்பிக்கையானது வேப்பங்கொட்டைக் கரைசல். எண்ணெய் பிழிகிறபோது அசாடிராக்டினில் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும், சூடாக்கிப் பிழிந்திருந்தால் எண்ணெயில் இன்னும் குறையும். கடையில் விளக்குக்கென்று விற்கிற எண்ணெயில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. கரைசலை நாமே செய்தால் என்ன போட்டோம் என்பதாவது தெரியும். வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிற அளவு 5 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. ஓட்டோடு எடுத்தால் ஏறக்குறைய 100 கிராம் கொட்டை வேண்டும். உங்கள் 30 பைகளுக்கு ஒரு தடவைக்கு மூன்று லிட்டர் போதும், ஆக 150 கிராம் பருப்பு. மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்கு உடையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும், தண்ணீரில் சாறு இறங்காது. பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மூட்டையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிசைந்து பிசைந்து பிழியுங்கள். அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கல் வரும், அது நிற்கும்வரை பிழிய வேண்டும். மீதித் தண்ணீரைச் சேர்த்து மூன்று லிட்டராக்கி, மெல்லிய துணியில் இன்னொரு தடவை வடிகட்டி, மேலே சொன்ன சோப்புக் கரைசல் கலந்து அன்று சாயங்காலமே அடித்துவிடுங்கள். சக்கையைப் பைகளில் மண்ணோடு கிளறிவிடலாம்.

கொட்டையின் வயது முக்கியம். உதிர்ந்து மூன்று மாதம் ஆகாத கொட்டையிலும், எட்டுப் பத்து மாதத்தைத் தாண்டிய கொட்டையிலும் சரக்கு குறைவு. ஆனி, ஆடியில் தெருவிலும் அம்மன் கோயில் வாசலிலும் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கிற பழங்களைப் பொறுக்கி, அன்றைக்கே சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் சூட்டில் மருந்து சக்தி போகும். நமக்குக் கடல்காற்றின் ஈரம் உண்டு, நிழலில் காய ஒரு வாரத்துக்கு மேலே ஆகலாம், தினம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சாக்கு அல்லது துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பாலிதீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். உடைத்துப் பார்க்கும்போது பருப்பு பச்சையாக இருந்தால் நல்லது, கருத்தோ பூசணம் பூத்தோ இருந்தால் தயங்காமல் எறியுங்கள். அந்தப் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கிற அஃப்லடாக்சின் இருக்கலாம், அதைக் காய் மேல் தெளிக்கிற பேச்சே வேண்டாம். பாரிமுனைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் வாங்குவதானாலும் நான்கைந்தை உடைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கடையில் அசாடிராக்டின் அளவு குறித்த புட்டிகள் இருக்கின்றன. 300, 1500, 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்கிற கணக்கு) என்று வரும். 10,000 பிபிஎம் புட்டி என்றால் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி, 1500 என்றால் 5 மில்லிவரை என்பது வழக்கம், ஆனாலும் லேபிளில் இருப்பதுதான் முடிவு. பிபிஎம் எண்ணே அச்சிடாத புட்டியை வாங்காதீர்கள்.

அடிக்கிற நேரம் சாயங்காலம் 4 மணிக்கு மேல். அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும், காலையில் அடித்தது அந்திக்குள் வீரியம் குறைந்திருக்கும். தேனீ நடமாட்டமும் அந்த நேரத்தில் குறைந்திருக்கும். அடிப்பதற்கு முந்தைய நாள் செடியை, முக்கியமாக இலையின் அடிப்பக்கத்தை, வெறும் தண்ணீரால் கழுவுங்கள். மணலி, எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிற சாம்பலும் லாரிப் புழுதியும் இலையில் படிந்திருந்தால் மருந்து புழுதியில்தான் ஒட்டும். செஞ்சிலந்தியும் புழுதி படிந்த செடியில்தான் பெருகும். அந்தத் தண்ணீர் அடியே பாதி வெள்ளை ஈயையும் அசுவினியையும் இறக்கிவிடும். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததற்குக் கணக்கில்லை, தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடியுங்கள். எந்தக் கரைசலானாலும் முதலில் ஒரு செடியில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். 15 நாள் ஆகாத நாற்றுக்கும், தண்ணீரில்லாமல் வாடி நிற்கிற செடிக்கும் அடிக்காதீர்கள். வெள்ளை ஈ முட்டையிலிருந்து இறக்கை முளைக்க நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது அடித்தால்தான் ஒரு தலைமுறையை முடித்ததாகும். ஒரு தடவை அடித்துவிட்டு விட்டுவிடுவது கருகியதை மட்டும்தான் மிச்சம் வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தது நிற்காது, இரண்டு நாள் வெறிக்கிறபோது பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

மிளகாயில் இருக்கிற மாவுப்பூச்சிக்கு முதலில் கை வேலை. அதன் மேலிருக்கிற மெழுகு மாவில் மருந்து வழுக்கிக்கொண்டு போகும். பழைய டூத் பிரஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கணுக்களைத் தேய்த்துவிட்டு, அதிகம் பிடித்த நுனியை வெட்டிக் கவரில் கட்டிவிட்டு, அதற்கப்புறம் எண்ணெய்க் கரைசலை அடியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கக்குகிற தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், இயற்கை எதிரிகளை அண்டவிடாது. பையைத் தாங்குகிற ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஒரு விஷயத்தை இங்கே நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதைவிடப் பெரிதாக, வெள்ளை நூல் நூலாக முடி தொங்க, சுறுசுறுப்பாக ஓடுகிற ஒன்று தெரிந்தால் அதை நசுக்காதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்று வாழும், 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து அதைத்தான் பலர் முதலில் கொல்கிறார்கள். தொட்டால் மாவுப்பூச்சி மெல்ல நகரும், இது ஓடும். அப்படி ஓடுகிற புழு இருக்கிற செடியில் எண்ணெய், சோப்பு எதுவும் அடிக்காமல் விட்டுவிடுங்கள், அவை அதையும் மூச்சடைக்க வைத்துவிடும்.

வெண்டையில் இலை நரம்புகள் மட்டும் மஞ்சள் வலை போட்டதுபோலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரஸ். வேம்பும் தீர்க்காது, வேறு எந்த மருந்தும் தீர்க்காது. மனசு கேட்காவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்குங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டினால் பறக்கிற ஈ ஒட்டும்.

கத்தரிக் காய்த்துளைப்பானில் செடிமருந்தின் எல்லை தெளிவாகத் தெரியும். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்தில் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும், போன வழியையும் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கிறதை வெளியே தெளிக்கிற வேம்பு தொடாது. தலை தொங்கிய நுனியைப் பார்த்தவுடன் அதற்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, ஓட்டை விழுந்த காயையும் பறித்து, சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்துவிடுங்கள். மாடியிலேயே ஓரமாகப் போட்டால் புழு இறங்கிக் கூடு கட்டி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். வேப்பங்கொட்டைக் கரைசலைப் பூ வைக்க ஆரம்பித்ததிலிருந்தே வாரம் ஒருமுறை அடித்துவந்தால் முட்டை இடுவதும் உள்ளே புகுவதும் குறையும். காய் முழுக்க ஓட்டை விழுந்த பிறகு தொடங்கினால் இந்த அறுப்புக்குப் பயனில்லை.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், ஐந்திலைக் கரைசல் பற்றியும் பலர் சொல்வார்கள். இவை பொய் என்று சொல்ல மாட்டேன். அசுவினி மாதிரி மெல்லுடல் பூச்சிகளைக் கொஞ்ச நாள் விரட்டுவதைப் பார்க்க முடியும். ஆனால் இலை எவ்வளவு, எத்தனை நாள் ஊறியது, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதையெல்லாம் பொறுத்து ஒவ்வொரு தடவையும் வீரியம் மாறும். ஒரு வீட்டில் கேட்டது இன்னொரு வீட்டில் கேட்காததற்குக் காரணம் இதுதான். நொச்சி, ஆடாதொடை, வேப்பிலை போட்டுச் செய்தால் கெடுதல் இல்லை, வேம்புக்கு நடுநடுவே அடித்துப் பாருங்கள். ஊமத்தை, அரளி, எருக்கு சேர்க்கிற வகையை, நாம் சாப்பிடுகிற செடிக்கு அடிக்காதீர்கள். ஊமத்தையில் மூளையையும், அரளியில் இதயத்தையும் பாதிக்கிற விஷம் இருக்கிறது, எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சீத்தாப்பழ விதைப் பொடியும் கண்ணைப் புண்ணாக்கும், காற்று வீசுகிற மாடியில் அதைத் தொடவே வேண்டாம்.

புகையிலையும் அந்த வரிசைதான். அதிலிருக்கிற நிகோட்டின் பூச்சியை உடனே கொல்லும் என்பது உண்மை. பெரியப்பா காலத்தில் அடித்துப் பலன் கண்டிருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நிகோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். ஈரப் புகையிலை பறிக்கிற தொழிலாளர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வருவது அதனால்தான். நிகோட்டின் சல்பேட்டைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. வீட்டில் ஊறவைக்கிற தண்ணீரில் எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியில்லை. காய்ந்த புகையிலையில் மொசைக் வைரஸ் உயிரோடு இருக்கும் என்பது இன்னொரு சிக்கல். கொதிக்கவைக்காமல் ஊறவைத்து அடித்தால் மிளகாய்க்கும் கத்தரிக்கும், பக்கத்தில் தக்காளி இருந்தால் அதற்கும், நாமே நோயைத் தெளித்ததாக ஆகும். பெரியப்பாவிடம் இந்த வைரஸ் காரணத்தைச் சொல்லுங்கள், செடி வளர்க்கிறவருக்கு அது உடனே உறைக்கும்.

பறித்துச் சாப்பிடுவது பற்றி: வேம்பு மருந்து அடித்தபின் மூன்று நாளாவது விட்டுப் பறியுங்கள், கடை மருந்து என்றால் லேபிளில் போட்டிருக்கிற நாள் கணக்கு. காயை ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும், வெண்டையில் மட்டும் சொரசொரப்பில் கசப்பு தங்கும், கூடுதலாகக் கழுவுங்கள். கீரைக்கு எண்ணெய் அடிக்காதீர்கள், கழுவினாலும் கசப்புப் போகாது, 25 நாளில் அறுக்கிற பயிருக்கு வலை கட்டிப் பாதுகாப்பதே சுலபம். காய்க்கு ஆபத்தில்லாத வேப்பெண்ணெய், குடித்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. மருந்தாக வாயில் புகட்டி வலிப்பு வந்து உயிர் போன குழந்தைகள் உண்டு. மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காமல், பெயர் எழுதி, மாடிக் கதவுக்குப் பக்கத்தில் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.